பதினைந்தாவது குழாய்

2016 மார்ச்சில், பாலாற்றங்கரையில் மூடிக் கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையின் நிலத்தில் பதினான்கு குழாய்களை இறக்கி, மண்ணில் ஊறிய குரோமியத்தை முறிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகக் கரும்புப்பாகு ஊற்றத் தொடங்கினார்கள். ஊற்றும் வேலை, அதே தொழிற்சாலையில் முன்பு வேலை பார்த்த தணிகாசலத்துக்குக் கிடைத்தது. மூன்று மாதத்தில் சுற்றியிருந்த கிணறுகள் தெளிந்தன. மதிலை ஒட்டிய நவநீதத்தின் கிணறு மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

“எங்கிருந்தோ இன்னும் கசியுது. இந்த வாரத்துல கண்டுபிடிக்கலன்னா இந்தக் கிணத்தை விட்டுட வேண்டியதுதான்,” என்றார் பொறியாளர் பர்வீன்.

நவநீதம் வழக்கம்போல, கேன் தண்ணீரில் கரைத்த மோரைச் சொம்போடு தணிகாசலத்திடம் நீட்டினாள். “நீ குடிண்ணா. உன் கைராசிக்கு என் கிணறும் தெளியும். எம்புருசன்கிட்ட பந்தயமே கட்டிக்கீறேன்.”

தணிகாசலம் சொம்பை வாங்கினார்; குடிக்கவில்லை. முதலாளி சொன்னார் என்று ஒன்பது வருடம் தோல் ஊறிய கழிவை யாருக்கும் தெரியாமல் ஆழ்குழாய் வழியாகப் பூமிக்குள் ஊற்றியதும் அந்தக் கைதான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு மதிலோர முள்புதருக்குப் போனார். குதிகாலால் மண்ணை அழுத்திக் காட்டினார்.

“இங்க தோண்டுங்க, மேடம். பழைய போர் ஒண்ணு கீது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் முள்ளை விலக்கத் தொடங்கினார். நவநீதம் குனிந்து சொம்பை எடுத்துக்கொண்டாள்.

நாலடியில் குழாய் இருந்தது. அதற்கும் தணிகாசலமே பாகு ஊற்றினார். தீபாவளிக்குள் நவநீதத்தின் கிணறு தெளிந்தது. மோர் வரவில்லை.