எந்தக் குமிழ்?

லேப்டாப்பில் புதிதாக இறக்கிய சிந்தசைசர் இசைச் செயலியில் எந்தக் குமிழ் எதற்கென்று ஹர்ஜோனோவுக்குத் தெரியாது. கையேடும் கிடையாது. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து ஒன்றைத் திருகினான். ‘ஊஊஊ’ என்று நீளமாக ஊளையிட்டது.

“ஏங்க, காது கிழியுது! மலாங் ஊரு முழுக்கக் கேக்கும்!” என்று கத்தினாள் மனைவி லஸ்த்ரி.

வாசலில் ஆட்கள் சத்தம். எதிர்வீட்டு சுமார்னி அக்காவோடு தெருவே திரண்டு நின்றது.

“சண்டைக்கு வந்துட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லிடு!” சத்தத்தை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் பதுங்கினான்.

பேசி அனுப்பிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினாள் லஸ்த்ரி.

“எல்லார் கையிலயும் தட்டு! சாயங்காலம் விசிலடிச்சுட்டு வர்ற புட்டு வண்டியோட ஆவிச் சத்தம்னு நெனச்சு ஓடி வந்திருக்காங்க.”

“அப்பாடா! இனிமே அதைத் தொடவே மாட்டேன்.”

“தொடாம? எந்தக் குமிழ்னு குறிச்சு வைங்க. நாளைக்குச் சாயங்காலம் திருகணும். நாமளே புட்டு விக்கலாம், இப்பவே அரிசி ஊறப் போடறேன்.”