பனிக்குள் போன பந்து

“நீங்க நிருபரா, இல்ல நீல அணிக்கு ஜால்ராவா?”

சிவப்பு அணியின் ரசிகர் மன்றத் தலைவர் பத்திரிகையை மேசையில் விசிறினார். பின்னால் பத்துப் பேர். ஆசிரியரின் அறையில் எள் விழ இடமில்லை.

விளையாட்டு நிருபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் நீல அணிக்காரர்கள் இதே அறையில் அவரைச் சிவப்பு அணி ஆள் என்று திட்டிவிட்டுப் போனார்கள். மனிதர் எப்போதுமே பாதிக் கனவில் இருப்பவர். மற்ற நிருபர்கள் மாடத்தில் உட்காருவார்கள். இவரோ கோல் கம்பத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டுக்கொள்வார். அங்கேதான் பந்து மூச்சு விடுவது கேட்குமாம்.

நேற்று இரு அணிகளும் மோதிய லீக் ஆட்டத்தில் மைதானம் முழுக்கப் பனிமூட்டம். நீல அணி கோல் போட்டதே பார்வையாளர்களுக்கு விசில் சத்தத்தில்தான் தெரிந்தது.

“அதை வாசிப்பா,” என்றார் தலைவர்.

ஒருவர் வாசித்தார். “‘பனியோடு பனியாக மிதந்து வந்தது அந்தப் பந்து. யார் காவல் நின்றிருந்தாலும் தடுத்திருக்க முடியாது.’”

“எதிரி போட்ட கோலுக்குக் கவிதை. எங்க பசங்க தொண்ணூறு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஆடினதுக்கு ரெண்டு வரி. இது ஓரவஞ்சனை இல்லாம வேற என்ன?”

“பதில் சொல்லுங்க,” என்றார் ஆசிரியர்.

நிருபரின் கண் முன்னால் அந்த வெள்ளை வெளி மறுபடி விரிந்தது. ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் பழி அந்த நிமிஷமே விலகும். விழுங்கிக்கொண்டார்.

“எழுதினது எழுதினதுதான்.”

“அப்போ இறுதிப் போட்டிக்கு இவர் வரக் கூடாது. வந்தா உங்க பத்திரிகையை நாங்க யாரும் தொட மாட்டோம்.”

ஆசிரியர் பத்திரிகையை மடித்து வைத்தார். “சரி. வேற ஆளை அனுப்பறோம்.”

இருபது வருஷத்தில் ஓர் இறுதிப் போட்டியைக்கூட நிருபர் விட்டதில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆசிரியர் கதவைச் சாத்தினார். “என்னதான் நடந்தது அங்கே? என்கிட்டயாவது சொல்லுங்க.”

“நடு மைதானத்துல இருந்து உதைச்ச பந்து சார். உதைச்சவருக்கே அது எங்க போச்சுன்னு தெரியாது. ஆடி அசைஞ்சு உருண்டு வந்துச்சு. குழந்தைகூடப் பிடிச்சிருக்கும். சிவப்பு அணி கோல்கீப்பர் பனியை அண்ணாந்து பார்த்துட்டு நின்னார். கால் நடுவுல பூந்துடுச்சு. அவரைக் குத்தம் சொல்லவும் மனசு வரலை. நானும் அந்தப் பனியைத்தான் பார்த்துட்டிருந்தேன். அவ்வளவு அழகு.”

“இதைச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே?”

“கோல்கீப்பர் அந்தத் தலைவரோட மகன் சார். அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது?”

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். தலைவர் தனியாக வந்திருந்தார். நேரே போய் நிருபரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க சார். பையன் நேத்தே எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டான். தோத்த ஆத்திரத்துல எங்க ஆளுங்க யார் மேலயாவது பாயணும்னு கொதிச்சுட்டு இருந்தாங்க. நான் உங்க பக்கம் கையைக் காட்டலேன்னா, எங்க வீட்டு வாசல்லதான் வந்து நின்னிருப்பாங்க.”