எருமை சுமந்த மூட்டை

கிழிந்த பந்துகளைத் தைக்க மூட்டையாகச் சுமந்து போனது, காட்டு அணியின் பயிற்சியாளர் எருமை. மரத்திலிருந்து பார்த்த காகத்துக்கு அது போதாதா?

"எருமைக்கு வேலை போச்சு!" என்று கத்தியது.

பந்தயம் நடத்தும் நரி பலகையை மாற்றியது. எருமை போகும் என்று ஒரு கொய்யா கட்டினால் காலையில் பத்து கிடைத்திருக்கும், இப்போது இரண்டுதான்.

"நரியே குறைச்சிட்டான்னா உறுதிதான்" என்று காடே முண்டியடித்துக் கட்டியது.

பலகையைப் பார்த்த அணியின் முதலாளி யானை, திரும்பி வந்த எருமையிடம், "இத்தனை பேரு சும்மாவா கட்டுவாங்க? கிளம்பு" என்றது.

எருமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்துகூட ஜெயிச்சோமேய்யா! என்னைத் தூக்கினது நீங்களா, காக்காயா?"

"மூட்டையில என்ன?"

"உங்க பந்துதான். தைச்சுக் கொண்டாந்தேன்."

"வச்சிட்டுப் போ."

பந்தயத்தில் தான் ஜெயித்த கொய்யாக்களின் மேல் உட்கார்ந்திருந்த காகம் சொன்னது: "நான் அப்பவே சொல்லல?"