அந்தப் பக்கத்து வெயில்

"இங்க வெயில் கொளுத்துதும்மா. ஃபேனைப் போட்டும் வேர்வை நிக்கல," என்று போனில் மனைவியிடம் சொன்னார் கிரேன் ஓட்டுபவர். சொல்லிவிட்டு, பல் தந்தியடிக்காமல் இருக்க மஃப்ளரின் நுனியைக் கடித்துக்கொண்டார்.

"நிறைய தண்ணி குடிங்க," என்றாள் அவள். இப்படிப் புளுகுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

பக்கத்தில் நின்ற மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவர்கள் நின்றது அவன் வீட்டு மாடிப்படியில். தெருவுக்கு அந்தப் பக்கம், விளக்கு எரிந்துகொண்டிருந்தது கிரேன்காரரின் சொந்த வீட்டில்.

பூமியின் தெற்குப் பாதியிலுள்ள ஒரு துறைமுகத்துக்கு மூன்று மாத வேலையாகப் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தார். எல்லாம் ஒரு பந்தயத்துக்காக. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு பொய்கூட அவளிடம் எடுபட்டதில்லை.

"ஒரே ஒரு தடவை என்னை ஏமாத்திக் காட்டுங்க, உங்க ஓட்டை பைக்கைப் பத்தி நான் வாயே திறக்கல. மாட்டிக்கிட்டீங்கன்னா அன்னிக்கே அதை எதிர்வீட்டுத் தம்பிக்குக் குடுத்துடணும்," என்று கிளம்பும்போது சொல்லியிருந்தாள். அந்த பைக் அவருக்கு உயிர்; சாவியைக்கூட வீட்டில் வைக்காமல் கையோடு கொண்டு போயிருந்தார். மெக்கானிக்குக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு. யார் ஜெயித்தாலும் தனக்கு நஷ்டமில்லை என்றுதான் மாடிப்படியில் இடம் கொடுத்தான்.

இந்த முறை பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். போன இடம் நேர் தெற்கே என்பதால் கடிகாரம் ஒன்றுதான், பருவம்தான் தலைகீழ். இங்கே குளிர் உதறினால் அங்கே வெயில் காய வேண்டும். அதில் மட்டும் கோட்டைவிடவே கூடாது, ஏனென்றால் அவள் வேலை பார்ப்பது காலண்டர் அச்சகத்தில், பிழை பார்க்கும் இடத்தில்.

போன வருஷம் தெற்கு நாடுகளுக்கு அனுப்பிய காலண்டரெல்லாம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்துவிட்டதென்று ஒரு வாரம் புலம்பித் தீர்த்தாள். என்ன தப்பு என்று இவர் காதில் வாங்கவில்லை. அப்போது பைக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மேற்கே, கூரைகளுக்கு மேல் மெல்லிய பிறை ஒன்று தெரிந்தது. மனுஷனுக்குக் காதல் பொங்கிவிட்டது. படமெடுத்து அனுப்பினார்.

"இப்பதான் எடுத்தேன். பாத்ததும் உன் ஞாபகம் வந்துடுச்சு."

"நம்ம ஜன்னல்ல தெரியுற மாதிரியே இருக்குங்க," என்றாள்.

"ஊருக்கு ஒரு நிலாவா இருக்கு? எல்லாருக்கும் அதேதான்."

"அதுவும் சரிதான்," என்று வைத்துவிட்டாள்.

அவர் குனிந்து பெட்டியின் வாரை இறுக்கிவிட்டு நிமிர்ந்தால் மெக்கானிக்கைக் காணவில்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று, பந்தயத்தில் ஜெயித்த தெம்பில் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே தெருவைக் கடந்தார். மணியில் விரலை வைக்குமுன் கதவு திறந்தது.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஐஸ் தண்ணி தரட்டுமா?" என்றாள் மனைவி.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாற்காலியில் மெக்கானிக். "துரோகி, நீதானடா போட்டுக் குடுத்த?"

"சத்தியமா இல்ல சார். அக்கா போன் பண்ணி வரச் சொன்னாங்க, வந்தேன்."

"அவனைத் திட்டாதீங்க. இங்க வலப்பக்கம் வளையுற பிறை அங்க இடப்பக்கம் வளையும். அதை மாத்தாம அச்சடிச்சுதானே போன வருஷம் அத்தனை கட்டும் திரும்பி வந்துச்சு? தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உன்னைப் பாக்கணும்னு ஓடி வந்திருக்கேன். இந்த ஒரு தடவை விட்டுடேன்."

அவள் முகம் கனிந்தது. குளிரில் விறைத்திருந்த அவர் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டார்.

பின்னால் மெக்கானிக் மெல்லக் கனைத்தான்.

"சாவி அந்த கையிலதான் இருக்குக்கா."