ஒரே பாட்டில்

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே துறைமுகத்து வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் இறங்குகிறது. உள்ளே ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. எதிரே மின்கம்பி கட்டிய நண்டு. தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பட்டுப் பட்டுப் பேய்க்கணவாய்க்குத் தெரிந்துவிட்டது. விலங்கியல் பேராசிரியன் கிளாட்வின் ஒரு பாட்டிலைத் திறந்து தொட்டித் தண்ணீரில் ஆல்கஹால் ஊற்றுகிறான். சற்றுப் பொறுத்துப் பேய்க்கணவாயின் ஒரு கை தள்ளாடி நீள்கிறது, நண்டைத் தொடுகிறது, உடம்பெல்லாம் வெளுத்துத் துடிக்கிறது. "பாத்தியாளா? போதையில வாங்குன அடிகூட மறந்துபோவுது," என்று சிரிக்கிறான். சாப்பாட்டுத் தூக்குவாளியோடு நிற்கும் மனைவி ஹில்டா சிரிக்கவில்லை. ஊரில் சாராயக்கடைகளை மூடியதிலிருந்து அவன் குடிப்பதும் இதே பாட்டிலைத்தான். "குடிக்க மாட்டேன்னு மணப்பாட்டுச் சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணினிய, மறந்தாச்சு. நேத்து ராத்திரி என்னைய அடிச்சிய, அதுவும் மறந்தாச்சு. வாங்குனவ நான் மறக்கல." சோற்றையும் மீன்குழம்பையும் மேஜைமேல் கவிழ்க்கிறாள். கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலி வாளியைத் தொட்டிக்குள் அமுக்கிப் பேய்க்கணவாயை அள்ளுகிறாள். கன்றிப்போன மணிக்கட்டில் தண்ணீர் வழிகிறது. "ஏளா, எங்க கொண்டு போற?" "கடலுக்கு. இங்கன பாட்டில் இருக்கு, கம்பியும் இருக்கு. இனிமே நீங்களே குடிச்சிட்டு நீங்களே தொட்டுப் பாருங்க."