பேய்க்கு வசனம் இல்லை

"பேய்க்கு வசனமெல்லாம் வேணாம் வதனி. உங்கட தமிழில வாயில வந்ததைக் கத்துங்க. கொழும்பு ஆக்களுக்குத் தமிழ் கேட்டாலே பயந்தானே," என்று பேயாக நடிக்கும் வதனியிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார் தமிழ் தெரியாத இயக்குநர் அசங்க.

படம் வந்ததும் மட்டக்களப்பு அரங்கில் கடைசி வரிசையில் இருந்து, சனம் நடுங்குவதை ரசிப்பாராம்.

வதனி வாவிக்கரையில் தலைவிரி கோலமாக நின்று கத்தினாள். அசங்க கைதட்டினார்.

படம் மட்டக்களப்புக்கு வந்தது. திரையில் பேய் கத்தியதும் ஒருவரும் நடுங்கவில்லை. அரங்கமே ஒன்றாகத் திரும்பி, இருட்டில் அசங்கவை உற்றுப் பார்த்தது.

அவர் பக்கத்திலிருந்த வதனியின் கையைப் பிடித்தார்.

"அந்தக் காட்சியில என்ன சொன்னாய்?"

"தமிழைப் பேய்ப்பாஷை எண்டவன் கடைசி வரிசையில இருக்கான். ஒருத்தரும் சிரிக்காதீங்க, சும்மா திரும்பிப் பாருங்க எண்டு சொன்னன், சேர்."