நாற்பத்து மூன்று தலை

அரங்கத்தில் இருந்தவர்கள்: பேருந்து நிறுத்தங்களில் கிடந்த பெஞ்சுகளை மாநகராட்சி பிடுங்கிப் போட்டதைக் கண்டித்து நடுரோட்டில் உட்கார்ந்து கைதான நாற்பத்து மூன்று பேர். அவர்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், அவர்தான் தலைவர். தலைவரின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்த அவர் தங்கை. இரண்டு தையல்காரர்கள். ஒரு நர்ஸ். தொழில் என்னவென்று கேட்டதற்கு 'மெக்கானிக்' என்று சொன்ன ஒல்லியான ஆள். மற்ற எல்லோரும் முட்டிவலிக்காரர்கள். அப்புறம், காவலுக்கு ஏட்டு. அரங்கத்தில் இருந்த ஒரே நாற்காலி அவருடையது.

அது மாநகராட்சியின் பழைய பூப்பந்து அரங்கம். வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் பிடிப்பார்கள், அடைப்பார்கள், மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். யாருக்கும் யார் மீதும் கோபம் கிடையாது.

ஏட்டுக்கு மட்டும் தலைக் கணக்கைப் பற்றிக் கவலை. போன மாதம் வேறொரு ஆர்ப்பாட்டத்தில் அறுபது பேரை உள்ளே விட்டார், ஐம்பத்தொன்பது பேரை வெளியே அனுப்பினார். காணாமல் போனவர் அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் தோன்றி, போலீஸ்காரர்கள் தங்கமானவர்கள் என்று பேட்டி கொடுத்தார். இன்னொரு தலை குறைந்தால் எஸ்.ஐ. பதவி உயர்வை மறந்துவிடச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர்.

அதனால் எல்லோரையும் பூப்பந்துக் கோட்டுக்குள் வரிசையாக உட்காரச் சொன்னார் ஏட்டு. எண்ண வசதியாக இருக்கும். தலைவர் மறுத்தார். ரோட்டில் உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறீர்கள், இங்கே நின்றால் உட்கார் என்கிறீர்கள், அரசாங்கம் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும் என்றார்.

"அண்ணா, பேசாம உக்காருங்க. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்கப்போறது நான்தான்" என்றார் தங்கை.

தலைவர் உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று.

மெக்கானிக்கால்தான் தொல்லை. வீட்டில் மனைவி பேயாட்டம் ஆடுவாள், தன்னை மட்டும் முன்னாலேயே விட்டுவிடக் கூடாதா என்று மூன்று முறை வந்து கெஞ்சினான். மூன்று முறையும் ஏட்டு முறைத்தார். பன்னிரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டான். அதை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. கொடுத்து முடித்தபோது ஒன்று மீந்தது. இருபத்தாறு வருட சர்வீஸில், ஆர்ப்பாட்டக்காரர்கள் நடுவே பொட்டலம் மீந்து ஏட்டு பார்த்ததில்லை. எண்ணினார். நாற்பத்திரண்டு. பதற்றத்தில் மறுபடி எண்ணியபோது நாற்பத்து நான்கு வந்தது. தன்னையும் சேர்த்து, ஒரு தையல்காரரை இரண்டு தரம் எண்ணியிருந்தார். மூன்றாம் முறை, நாற்பத்திரண்டேதான்.

கழிவறைக்கு ஓடினார்.

உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலில் இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. இடுப்புக்கு மேலே ஆள் வெளியே. ஏட்டு பாய்ந்து இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தொங்கினார்.

"விடுங்க ஏட்டய்யா, நானே வந்துடுறேன்" என்றது வெளியிலிருந்து குரல்.

ஏட்டு நம்பவில்லை. இழுத்த இழுப்பில் இருவரும் வாளியோடு சேர்ந்து விழுந்தார்கள்.

"என் பொழப்புல மண்ணைப் போடப் பாத்தியேய்யா" என்றார் ஏட்டு, மூச்சு வாங்க. மெக்கானிக் கும்பிட்டான். பிறகு மீந்த பொட்டலத்தை வாங்கி, நல்ல பசியோடு சாப்பிட்டான்.

அவனைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார் ஏட்டு. 'காலை பத்து மணி முதல் கைதானவர் எவரும் அரங்கை விட்டு வெளியே செல்லவில்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓர் ஆள் இடுப்பு வரைக்கும் வெளியே போனால் அதை எழுதப் பதிவேட்டில் தனிக் கட்டம் இல்லை.

நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கடிகாரக் கடை. மொத்த போலீஸும் வேறொரு கட்சி ஊர்வலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே கடையின் பெட்டகத்தை யாரோ காலி செய்திருந்தார்கள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. இந்த ஊரில் அப்படிக் கைபழகியவன் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மெக்கானிக்கைப் பார்த்ததும் நின்றார். சோதனை போட்டார். சட்டைப்பையில் பெஞ்சு வேண்டும் என்ற துண்டுப் பிரசுரம் மட்டும் இருந்தது.

"பன்னண்டரைக்கு எங்க இருந்த?"

"ஏட்டய்யாவைக் கேளுங்க சார்."

ஏட்டு யோசித்தார். ஜன்னலைச் சொன்னால் பதவி உயர்வு போச்சு. சொல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும்? வெளியே போவதற்குள் அவரேதான் பிடித்து இழுத்துவிட்டாரே.

"இங்கதான் சார் இருந்தான். வேணும்னா ரிஜிஸ்டரைப் பாருங்க."

எங்கள் ஆளைச் சந்தேகிக்கிறீர்களா என்று தலைவர் எழுந்தார். கூடவே நாற்பது பேர் எழுந்து கோஷம் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு போனார்.

ஐந்து மணி. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக மெக்கானிக். கணக்கு சரியாக வந்ததில் ஏட்டின் மனம் இளகியிருந்தது.

"ஏன்யா, அந்த ஜன்னலுக்கு வெளியே பத்தடி பள்ளம். தலைய முன்னால விட்டு எவனாவது எறங்குவானா? நான் இழுக்கலேன்னா மண்டை சிதறியிருக்கும். வெளிய போறவன் அப்படியா போவான்?"

"போறவன் அப்படிப் போகமாட்டான் ஏட்டய்யா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தான் மெக்கானிக். "உள்ள வர்றவன்தான் காலை முதல்ல விடுவான்."

பேருந்து நிறுத்தம் இடப்பக்கம் இருந்தது. அவன் வலப்பக்கம் திரும்பி, கழிவறை ஜன்னலுக்குக் கீழே இருந்த பின்பக்கச் சந்துக்குள் நடந்தான்.

ஏட்டு பதிவேட்டில் தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சத்தம் வராமல், அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.